கழுத்துக் கருப்பு அழுக்கல்ல

பத்துப் பதினொரு வயதுப் பிள்ளையின் பிடரி கருக்கத் தொடங்கினால் நம் வீடுகளில் முதலில் கை போவது பயத்தமாவு டப்பாவுக்குத்தான். பிறகு எலுமிச்சை மூடி, தயிர், பீர்க்கங்காய் நார். "ஒழுங்கா தேய்ச்சுக் குளிச்சாத்தானே!" என்று கூடவே ஒரு திட்டு. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பல பிள்ளைகளிடம் அது அழுக்கே இல்லை. ரத்தத்தில் இன்சுலின் நெடுநாள் மிகுந்திருந்தால் அது தோல் செல்களைத் தூண்டிவிடும். கழுத்திலும் அக்குளிலும் தோல் தடித்துக் கருக்கும். அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்று மருத்துவர்கள் சீட்டில் எழுதுவது இதைத்தான்.

இன்சுலின் ஏன் மிகுகிறது? வயிற்றிலும் கல்லீரலிலும் கொழுப்பு சேரச் சேர, உடம்பு இன்சுலினுக்கு முன்போல் இணங்குவதில்லை. பழைய அளவு போதாததால் கணையம் கூடுதலாகச் சுரக்கிறது. அந்தக் கூடுதல் உழைப்பு தாக்குப்பிடிக்கிறவரை சர்க்கரைப் பரிசோதனை 'நார்மல்' என்றே வரும். கணையம் தளர்ந்த பிறகுதான் எண் ஏறும். பூப்பெய்தும் வயதில் வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினின் வேலையை எல்லாப் பிள்ளைகளிடமும் சற்று மந்தப்படுத்தும். பருமனான பிள்ளைக்கு அது கூடுதல் சுமை.

ஐம்பது வயதுக்காரர்களின் நோய் என்று நாம் ஒதுக்கிவைத்த டைப் 2 நீரிழிவு, சிறுவயதில் வந்தால் வேகமாகவும் நடக்கிறது. அமெரிக்காவில் 'டுடே' என்ற பெயரில் நடந்த நீண்டகால ஆய்வு, இளவயதில் டைப் 2 வந்தவர்களைத் தொடர்ந்து கவனித்தது. 2021-இல் முடிவு வெளியானபோது அவர்களின் சராசரி வயது 26. அதற்குள் 60 சதவீதம் பேருக்குச் சிறுநீரகம், கண், நரம்பு ஆகியவற்றில் ஏதாவது ஒன்றிலாவது பாதிப்பு தொடங்கியிருந்தது. வேலைக்குச் சேர்ந்து, கல்யாணப் பேச்சு எடுக்கிற வயது அது.

இந்தியாவில் 5 முதல் 19 வயது வரையுள்ளவர்களில் 1990-இல் சுமார் 4 லட்சம் பேர் உடல் பருமனோடு இருந்தார்கள். 2022-இல் 1.25 கோடி. லான்செட் இதழ் 2024-இல் வெளியிட்ட உலகளாவிய கணக்கு இது. பெரியவர்கள் பக்கம் நிலைமை எப்படி? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இன்டியாப் ஆய்வு 2023-இல் சொன்னபடி, நாட்டில் நீரிழிவோடு வாழ்பவர்கள் 10 கோடிக்கும் மேல். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். ஆக, இங்கே வளரும் பிள்ளைக்கு அப்பா வழியிலோ அம்மா வழியிலோ ஒரு 'சுகர்' பேஷன்ட் உறவு இருப்பது அபூர்வமில்லை.

"எங்க புள்ள ஒல்லிதான், எங்களுக்கு இது பொருந்தாது" என்று பக்கத்தைத் திருப்ப நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். புனே கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாஜ்னிக், 1990-களில் அந்த ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களில் பிறந்த குழந்தைகளை அளந்து, இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் பிறந்தவர்களோடு ஒப்பிட்டார். அங்கே சராசரி எடை 3.5 கிலோ, இங்கே 2.7 கிலோ. நம் குழந்தைகளுக்குத் தசை குறைவு, உறுப்புகள் சிறியவை. ஆனால் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. பிறகு அவர் தன் உடம்பையே உதாரணமாக்கினார். அவருக்கும் பிரிட்டிஷ் ஆய்வாளர் ஜான் யுட்கினுக்கும் உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. எண் ஒன்றுதான்: 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். இருவரும் அருகருகே நிற்கும் படத்தோடு 2004-இல் லான்செட்டில் அது வெளியானது. நீரிழிவைப் பற்றி நூறு பக்கம் எழுதிப் புரியவைக்க வேண்டியதை ஒரே படத்தில் முடித்துவிட்டார் மனிதர்.

எடை குறைவாகப் பிறந்த குழந்தையைப் பார்த்ததும் வீட்டுப் பெரியவர்களுக்கு வருவது ஒரே கவலை: எப்படியாவது தேற்ற வேண்டும். 'கொழுகொழு'வென்று ஆனால்தான் நிம்மதி. இத்தகைய குழந்தை பின்னாளில் மளமளவென்று எடை போடுவதுதான் நீரிழிவுக்கு வழி என்பதை எந்தப் பாட்டிக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. பேரனுக்கு இரண்டு கரண்டி நெய் கூட விட்டதற்காக அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பிள்ளைகள் வாடிக் கிடந்த காலத்தை நேரில் பார்த்த தலைமுறை அது.

இதற்கும் முந்திய கட்டம் ஒன்று உண்டு. கர்ப்பிணியின் ரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால், நஞ்சுக்கொடி வழியாகச் சிசுவுக்குக் குளுக்கோஸ் போகும். தாயின் இன்சுலின் போகாது. சிசுவின் கணையமே இன்சுலினைச் சுரந்து சமாளிக்கிறது, மிஞ்சியது கொழுப்பாகிறது. அப்படிப் பிறந்த பெண் குழந்தை வளர்ந்து கருவுறும்போது அவளுக்கும் கர்ப்பகாலச் சர்க்கரை வர வாய்ப்பு அதிகம். இந்தச் சுழற்சியைக் கருவிலேயே வெட்ட வேண்டும் என்று நெடுங்காலம் வாதாடியவர் சென்னை நீரிழிவு நிபுணர் வி. சேஷய்யா. வெறும் வயிற்றோடு காத்திருக்க வேண்டாம். எப்போது சாப்பிட்டிருந்தாலும் 75 கிராம் குளுக்கோஸ் கரைசலைக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை ரத்தம் பார்த்தால் போதும் என்ற எளிய முறையை அவர் முன்வைத்தார். சர்க்கரை 140-ஐத் தொட்டால் சிகிச்சை. கிராமத்திலிருந்து பஸ் பிடித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் பெண்ணை இன்னொரு நாள் வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் வருவாளா என்ற யோசனை இதற்குள் இருக்கிறது.

பிறந்து வளர்ந்து பள்ளிக்குப் போன பிறகு நடப்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவார், திருப்பித் தர மாட்டார். நாலரை மணிக்குப் பள்ளி விட்டதும் டியூஷன். நடுவில் கிடைக்கும் கால் மணி நேரத்தில் கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும் சிப்ஸ் பாக்கெட்டுதான் பசிக்குத் துணை. 250 மில்லி கோலாவில் ஏறக்குறைய 26 கிராம் சர்க்கரை, அதாவது ஐந்தாறு டீஸ்பூன். பாலில் கலக்கும் பவுடர்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பில் விற்கக் கூடாது என்று ஆன்லைன் தளங்களுக்கு மத்திய அரசு 2024-இல் சொன்னது. 2025-இல் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளில் சர்க்கரை அளவுகளைக் காட்டும் பலகை வைக்கச் சொன்னது. நல்லதுதான். ஆனால் பலகையைப் படித்துவிட்டு வரும் பிள்ளைக்கு வீட்டு ஃபிரிட்ஜில் இரண்டு லிட்டர் பாட்டில் காத்திருந்தால்?

பெரும்பாலான குடும்பங்கள் சறுக்குவது இங்கேதான். குண்டான பிள்ளைக்கு மட்டும் சப்பாத்தி, மற்றவர்களுக்குப் பிரியாணி. ஒல்லியான தம்பிக்கு ஐஸ்கிரீம், அக்காவுக்கு வெள்ளரிக்காய். அந்தப் பிள்ளை ஒளித்துச் சாப்பிடக் கற்றுக்கொள்ளும், வேறொன்றும் நடக்காது.

இஸ்ரேலில் மோரியா கோலன் குழுவினர் 1998-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 6 முதல் 11 வயதுவரை உள்ள பருமனான குழந்தைகள் 60 பேர். ஒரு பிரிவில் பிள்ளைகளை நேரே அழைத்து ஆலோசனை சொன்னார்கள். இன்னொரு பிரிவில் பிள்ளைகளைக் கூப்பிடவே இல்லை. அப்பா அம்மாவை மட்டும் உட்காரவைத்து, வீட்டில் என்ன வாங்குவது, எப்போது சாப்பிடுவது, டி.வி. முன் தட்டு போகலாமா என்று பேசினார்கள். ஒரு வருடம் கழித்து அதிகம் எடை குறைந்தது இரண்டாவது பிரிவுப் பிள்ளைகளுக்குத்தான்.

வளரும் பிள்ளைக்குப் பட்டினி தேவையில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். ஓரளவு பருமன் என்றால், எடை மேலும் ஏறாமல் பார்த்துக்கொண்டாலே உயரம் வந்து கணக்கைச் சரிசெய்துவிடும். தினம் ஒரு மணி நேரம் ஓடியாட வேண்டும், போதுமான அளவு தூங்க வேண்டும். பன்னிரண்டு வயதுவரை ஒன்பது மணி நேரமாவது.

வீட்டிலேயே பார்க்க ஓர் எளிய வழி உண்டு. அரைஞாண் கயிற்றைப் பிள்ளையின் உயரத்துக்கு வெட்டி, இரண்டாக மடித்துத் தொப்புளுக்குச் சற்று மேலே சுற்றிப் பாருங்கள். முனைகள் சேரவில்லை என்றால் இடுப்பளவு உயரத்தில் பாதியைத் தாண்டிவிட்டது. ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இந்தப் பாதிக் கணக்கைப் பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பும் 2022-இல் பரிந்துரைத்தது.

எடை மிகுந்திருந்து, அதோடு கழுத்துக் கருப்போ, நெருங்கிய உறவில் சர்க்கரையோ, தாய்க்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வந்த வரலாறோ, பெண் பிள்ளைக்குச் சினைப்பை நீர்க்கட்டித் தொந்தரவோ இருந்தால், பத்து வயதிலோ பூப்பெய்தும்போதோ, எது முந்துகிறதோ அப்போதே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையில் 5.7 சதவீதத்துக்குக் கீழ் என்றால் சரி, 6.5-ஐத் தொட்டால் நீரிழிவாக இருக்கலாம், மறுபடி பார்த்து மருத்துவர் உறுதிசெய்வார், இடைப்பட்டது எச்சரிக்கை. பிள்ளையை அழைத்துக்கொண்டு லேபுக்குப் போகும் அன்றே அப்பாவும் அம்மாவும் கையை நீட்டிவிடலாம். இந்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறுகூடத் தேவையில்லை.