வளைகுடா புறப்படுமுன் பாங்குக்கும் ஒரு நடை

மஸ்கட்டுக்கோ துபாய்க்கோ விசா வந்துவிட்டால் வீட்டில் யாருக்கும் உட்கார நேரம் இருக்காது. மருத்துவப் பரிசோதனை, ஏஜெண்டு ஆபீசு, டிக்கெட்டு, ஊருக்குப் போய்ப் பெற்றோரைப் பார்த்து வருவது, பெட்டியில் ஊறுகாயும் பருப்புப் பொடியும் என்று பதினைந்து நாள் பறந்துவிடும். அக்கம்பக்கம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு புறப்படுகிறவர்கள், தாராவியிலோ செம்பூரிலோ பத்து வருடமாகக் கணக்கு வைத்திருக்கும் பாங்கிடம் மட்டும் சொல்லிக்கொள்வதில்லை.

"கணக்கு பாட்டுக்குக் கிடக்கட்டும். அது என்ன, சோறா கேட்கிறது?" என்பது நம்மவர்கள் பலருடைய எண்ணம்.

சோறு கேட்காதுதான். ஆனால் ஆள் போன பிறகு அந்தக் கணக்கு பழைய கணக்காக இருக்க முடியாது என்கிறது சட்டம்.

பழைய கணக்கு என்ன ஆகிறது?

1999ல் இயற்றப்பட்டு 2000 ஜூன் மாதம் அமலுக்கு வந்த அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி, வேலைக்காக இந்தியாவை விட்டுப் போகிறவர், போன நாளிலிருந்தே வெளிநாட்டில் வசிப்பவராகக் கருதப்படுகிறார். வருமான வரிக்கு 182 நாள் என்று பார்க்கும் கணக்கு வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு, "ஆறு மாதம் போகட்டும், பார்க்கலாம்" என்று இருந்துவிடுகிறவர்கள் ஏராளம்.

அப்படிப் போனவர் தமது சாதாரண சேமிப்புக் கணக்கை 'என்.ஆர்.ஓ.' கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். பாஸ்போர்ட்டு, விசா, பான் கார்டு, வெளிநாட்டு விலாசத்துக்கு அத்தாட்சி ஆகியவற்றைக் கேட்பார்கள். இங்கிருக்கும்போதே கிளைக்குப் போய் விவரம் கேட்டு, படிவத்தையும் வாங்கி வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. அங்கே போன பிறகு தபாலில் அனுப்புவதென்றால், நகல்களில் தூதரகத்திலோ நோட்டரியிடமோ கையொப்பம் வாங்க அலைய வேண்டியிருக்கும். வாரத்துக்கு ஒரு நாள் லீவு உள்ள தொழிலாளிக்கு அது லேசான காரியம் அல்ல.

கல்யாணில் வாங்கிப் போட்ட அறையின் வாடகை, பழைய கம்பெனியின் பி.எப். பணம் போன்று இந்தியாவில் வரக்கூடிய வரவெல்லாம் பொதுவாக இந்த என்.ஆர்.ஓ. கணக்கில்தான் விழும். இதன் வட்டியில் முதல் ரூபாயிலிருந்தே வரி பிடித்துக்கொள்வார்கள். சாதாரணமாக 30 சதவீதம். அதன் மேல் 4 சதவீத செஸ் சேர்ந்து 31.2 சதவீதம். இங்கே மொத்த வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். பலர் செய்வதில்லை, வேர்வை சிந்திய பணம் சும்மா போகிறது.

சம்பளப் பணத்துக்குத் தனிக் கணக்கு

வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பும் பணத்துக்காக 1970ல் கொண்டுவரப்பட்டது 'என்.ஆர்.இ.' கணக்கு. இதன் வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது. அசலையும் வட்டியையும் எப்போது வேண்டுமானாலும் வெளிநாட்டுக்குத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். உள்ளூர் சீட்டுப் பணத்தை மட்டும் இதில் போடக்கூடாது.

இதில் நிரந்தர டெபாசிட் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குறைந்தது ஒரு வருடம் கிடந்தால்தான் வட்டி. எட்டாம் மாதம் தங்கைக்குக் கல்யாணம் என்று டெபாசிட்டை உடைத்தால் அசல் மட்டுமே கைக்கு வரும். அப்படி ஒரு செலவு கண்ணுக்குத் தெரிந்தால், அந்தத் தொகையைச் சேமிப்பிலேயே விட்டுவைப்பது உத்தமம்.

பி.பி.எப். கணக்கு ஏற்கெனவே இருந்தால் முதிர்வு வரை கட்டி வரலாம். வெளிநாட்டுக்குப் போனபின் புதிதாகத் தொடங்க முடியாது.

வீட்டில் இருப்பவர்களுக்கு வழி

நம்மில் அநேகர் செய்வது இதுதான்: ஏ.டி.எம். கார்டை மனைவி கையில் கொடுத்து, ரகசிய எண்ணைக் காலண்டரின் பின்புறம் எழுதிவைத்து, கையொப்பமிட்ட வெற்றுச் செக்குகள் நாலைந்தையும் பீரோவில் வைத்துவிட்டு விமானம் ஏறுவது. ஆறு மாதம் வண்டி ஓடும். பிறகு ஒரு நாள் கார்டின் காலம் முடியும். அல்லது இயந்திரம் அதை விழுங்கிக்கொள்ளும். பாங்குக்குப் போனால், "கணக்கு உங்கள் பேரில் இல்லையே அம்மா" என்பார்கள். பள்ளிக்கூடப் பீசு கட்டக் கடைசி நாளாகப் பார்த்துத்தான் இது நடக்கும்.

மனைவி பேரிலேயே தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு இருப்பதுதான் நல்லது. மாதச் செலவுக்கான பணத்தை நேரே அதற்கு அனுப்பலாம். கணவன் அனுப்பும் அந்தப் பணத்தை அவர் வருமானம் என்று வரி கேட்க மாட்டார்கள். அவர் பேரில் ஒரு கார்டு, அவர் கையொப்பத்தில் ஒரு செக் புத்தகம். படிப்பு குறைவு, பாங்குக்குப் போய்ப் பழக்கமில்லை என்றால், புறப்படுமுன் இரண்டு தடவை கூட்டிக்கொண்டு போய்ப் பணம் எடுக்கப் பழக்கிவிட்டுப் போங்கள்.

என்.ஆர்.இ. கணக்கிலும் மனைவியையோ பெற்றோரையோ கூட்டாகச் சேர்க்கலாம். ஆனால் முதல் பெயருக்கு உரியவர் உயிரோடு இருக்கும்வரை உரிமை அவருக்கே. அவருக்குப் பின்தான் மற்றவருக்கு. இடையில் அவர்கள் பணம் எடுக்க வேண்டுமானால் பாங்கில் அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

செல்போன் எண் போனால்...

இன்று பாங்குக் கணக்குக்குச் சாவி செல்போன் எண்தான். ஒவ்வொரு தடவையும் வரும் ரகசிய எண் அதற்குத்தான் வருகிறது. மும்பை சிம்மைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு அங்கே புது சிம் வாங்கிக்கொள்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். பிரீபெய்டு எண்ணைத் தொண்ணூறு நாள் பயன்படுத்தாமல் விட்டால் துண்டித்துவிடக்கூடும். பிறகு அதே எண் வேறொருவருக்குப் போகும். உங்கள் கணக்கின் செய்திகள் முன்பின் தெரியாத ஒருவருக்குப் போய்ச் சேருவதை யோசித்துப் பாருங்கள்!

ஆகவே வெளிநாட்டு ரோமிங் வசதியை இங்கேயே போட்டுக்கொண்டு, சிம்மையும் கையோடு கொண்டுபோய், தவறாமல் ரீசார்ஜ் செய்து வர வேண்டும். அல்லது வெளிநாட்டு எண்ணைப் பாங்கில் பதிவு செய்ய வேண்டும். சிம்மை வீட்டில் விட்டுப் போவதும் உண்டு. இவருக்கு இரவு ஷிப்டு, அங்கே மனைவி நல்ல உறக்கத்தில். நிமிடத்தில் காலாவதியாகும் எண்ணை யார் படித்துச் சொல்வது?

ஏ.டி.எம். கார்டில் இன்னொரு விஷயம். ரிசர்வ் பாங்கு உத்தரவுப்படி 2020 அக்டோபர் முதல் கொடுக்கப்படும் புதுக் கார்டுகள், நாம் கேட்டு அனுமதி வாங்கினால் ஒழிய, வெளிநாட்டில் வேலை செய்யா. அனுமதி வாங்கினாலும் முதல் சம்பளம் வரும்வரை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நாணய மாற்றுக் கட்டணமே பலவற்றில் மூன்று சதவீதத்துக்கு மேல் போகிறது. அங்குள்ள இயந்திரம் "ரூபாயா, திர்ஹாமா?" என்று கேட்டால் திர்ஹாம் என்றே சொல்லுங்கள். ரூபாய் என்றால் அவர்கள் சொன்னதுதான் விலை.

வாரிசுதாரர் பெயர்

இதைப் பேசவே வீடுகளில் தயங்குவார்கள். "புறப்படுகிற வேளையில் அபசகுனமாக" என்பார்கள். அங்கே ஒரு விபத்து நேர்ந்தால், நியமனதாரர் பெயர் இல்லாத கணக்கிலிருந்து பணம் எடுக்க வாரிசுச் சான்று, பிரமாணப் பத்திரம் என்று குடும்பம் மாதக்கணக்கில் நடக்க நேரும். 2025 நவம்பர் முதல் ஒரு டெபாசிட் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். கல்யாணத்துக்கு முன் தொடங்கிய கணக்கில் பெரும்பாலும் தகப்பனார் பெயரோ அண்ணன் பெயரோ இருக்கும். அதையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்து ஒரேயடியாகத் திரும்பும்போது அங்குள்ள கணக்கையும் கிரெடிட் கார்டையும் தீர்த்துவிட்டு, 'பாக்கி எதுவும் இல்லை' என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். அமீரகத்தில் கடன் கொடுத்தவர் கோர்ட்டுக்குப் போய்ப் பயணத் தடை வாங்க வழி இருக்கிறது. இங்கே வந்ததும் மறுபடி பாங்குக்கு ஒரு நடை: என்.ஆர்.இ. கணக்கைப் பழையபடி சாதாரணக் கணக்காக மாற்ற வேண்டும். வரியில்லா வட்டி அத்தோடு நின்றுவிடும்.