பருத்த சுண்டெலி காட்டிய வழி

சுண்டெலியின் வம்சமும் மனித வம்சமும் பிரிந்து ஏறத்தாழ 7.5 கோடி ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும், 2002 டிசம்பரில் சுண்டெலியின் மரபணுத்தொகுதி வரைவு வெளியானபோது, அதன் மரபணுக்களில் 99 சதவீதத்துக்கு மனிதனிடம் ஏதோ ஓர் இணை இருப்பது தெரிந்தது. இதைக் கேட்டதும் சுண்டெலியைக் குட்டி மனிதனாகவே எண்ணத் தோன்றும். அந்த எண்ணம்தான் பல ஏமாற்றங்களுக்கு வேர். ஒரு குறிப்பிட்ட மரபணுவுக்கு உடலில் என்ன வேலை என்ற கேள்விக்குச் சுண்டெலியிடம் நல்ல பதில் உண்டு. அதற்கு மேல் எதிர்பார்த்தால் பிழை நம்முடையது.

1949-இல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில், ஓயாமல் தின்று உருண்டு திரண்ட சுண்டெலிகள் சில கண்ணில் பட்டன. பிற்பாடு அங்கே டக்ளஸ் கோல்மன், அத்தகைய எலியையும் சாதாரண எலியையும் விலாவோடு விலா சேர்த்துத் தைத்து, இரண்டின் ரத்தமும் கலக்கும்படி செய்தார். பருத்த எலி தீனியைக் குறைத்தது, இளைத்தது. ‘வயிறு நிறைந்தது’ என்று சொல்லும் ஏதோ ஒன்று மற்றதன் ரத்தத்தில் இருந்திருக்க வேண்டும். 1994-இல் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழு அதற்கான மரபணுவைப் பிடித்தது. கொழுப்புத் திசு சுரக்கும் அந்த ஹார்மோன்தான் லெப்டின். மூன்றே ஆண்டுகளில், இங்கிலாந்தில் கடுமையாகப் பருத்த இரு குழந்தைகளிடம் அதே மரபணு பழுதாகியிருப்பதை கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் கண்டார்கள். ஒரு சிறுமிக்கு எட்டு வயதில் எடை 86 கிலோ. லெப்டின் ஊசி போட்ட ஓராண்டில் 16 கிலோ குறைந்தது.

பருமனானவர்களில் பெரும்பாலோருக்கு லெப்டின் ஏற்கெனவே மிகுதியாக இருக்கிறதே, ஊசியால் அவர்களுக்குப் பெரிய பலன் இல்லையே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அந்த மரபணுவின் வேலையைச் சுண்டெலி சரியாகவே சொன்னது; எல்லாப் பருமனுக்கும் அதுவே காரணம் என்று அது சொல்லவில்லை. இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. 2002-இல் படித்தது ஒரே ஒரு வகை: தலைமுறை தலைமுறையாக உடன்பிறப்புகளையே இணைத்து வளர்த்த சி57பிஎல்/6ஜே என்ற கறுப்புச் சுண்டெலி. அவை ஒவ்வொன்றும் இரட்டைப் பிள்ளைகள் போல ஒரே அச்சு. மனிதர்களோ ஒருவருக்கொருவர் வேறு. இதை உணர்ந்துதான் எட்டு வெவ்வேறு வகைகளைக் கலந்து புதிய சுண்டெலி வரிசைகளை உருவாக்கினார்கள். ஒரே நோய்க்கிருமி ஒரு வரிசையைக் கொல்வதையும் இன்னொன்றைத் தொடாமல் விடுவதையும் அவற்றில் பார்க்க முடிகிறது.