அந்த அம்மாளின் பெயர் என்ன?

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம். இந்தக் கட்டுரைக்காகச் சில பழைய புகைப்படங்களை ஊஞ்சல் பலகைமேல் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காபி டம்ளரோடு வந்த அத்தை, மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டு ஒரே ஒரு படத்தை மட்டும் கையில் எடுத்தாள்.

"யாருடி இது?"

"அமெரிக்காக்காரி, அத்தை. 1936-ஆம் வருஷத்துப் படம்."

"அமெரிக்காவா! அங்கேயுமா இந்தக் கோலம்?" என்றாள் அத்தை. காபி ஆறுவதைக்கூடக் கவனிக்காமல் வெகுநேரம் அதையே பார்த்தாள். "வயிற்றுக்கு ஏதாவது போட்டு இரண்டு நாள் ஆகியிருக்கும் போலிருக்கே. மடியிலே கைக்குழந்தை வேறே... பாவம், இவள் பேர் என்ன?"

நேயர்களே! என் அத்தை சாமானியமாகப் படம் பார்த்து உருகுகிறவள் அல்ல. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண ஆல்பத்தைக் காட்டினால் நாலாவது பக்கத்திலேயே கொட்டாவி விடுவாள். அப்படிப்பட்டவளை, கடல் கடந்த தேசத்தில் அவள் பிறப்பதற்கு முன்னால் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம் எப்படி நிறுத்தி வைத்தது? எங்கோ ஒருத்தி பட்ட பசி, நம் வீட்டுக் கூடத்துக்குள் வந்து நம் நெஞ்சைப் பிடித்து உலுக்குவது எதனாலே? இந்த வாரம் அதைப் பற்றித்தான் உங்களோடு பேச எண்ணினேன்.

பத்து நிமிஷப் பரிச்சயம்

படத்தை எடுத்தவர் டாரதியா லாங்கே என்ற அம்மையார். ஏழு வயதில் இளம்பிள்ளை வாதம் கண்டு, ஆயுள் முழுவதும் ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தவர். ஸான்பிரான்ஸிஸ்கோ நகரில் பணக்காரர்களைப் படம் பிடிக்கும் ஸ்டூடியோ ஒன்றை வெற்றிகரமாக நடத்தி வந்தார். 1929-க்குப் பிறகு அமெரிக்காவில் வியாபாரம் படுத்தது, வேலை போயிற்று, தெருவில் இலவச ரொட்டிக்கு ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். ஸ்டூடியோவுக்கு வெளியே நடப்பதைக் கண்ட பிறகு, உள்ளே பட்டும் முத்துமாலையுமாக வந்து உட்காருகிறவர்களை மட்டும் படம் எடுத்துக்கொண்டிருக்க அவருக்கு மனம் வரவில்லை. காமிராவைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டார். பிறகு, நொடித்துப்போன விவசாயிகளுக்கு உதவி செய்ய ஏற்பட்ட சர்க்கார் இலாகா ஒன்றில் புகைப்படக்காரராக அமர்ந்தார்.

1936-ஆம் வருஷம் மார்ச்சு மாதம். ஒரு மாதச் சுற்றுப்பயணத்தை முடித்துக்கொண்டு, மழையில், காரில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார் லாங்கே. கலிபோர்னியாவில் நிப்போமோ என்ற ஊர் அருகே, 'பட்டாணி பறிப்போர் முகாம்' என்று எழுதிய பலகை ஒன்று கண்ணில் பட்டது. கவனிக்காததுபோல் தாண்டிப் போய்விட்டார். ஆனால் மனசு விடவில்லை. இருபது மைல் போன பிறகு காரைத் திருப்பினார்!

கடுங்குளிரில் பட்டாணிப் பயிர் பாழாகிவிட்டது. பறிக்கக் காய் இல்லை, கூலி இல்லை, வேறு ஊர் போகப் பணமும் இல்லை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே கூடாரமடித்துக் கிடந்தார்கள். ஒரு கிழிந்த கூடாரத்தின் வாசலில் குழந்தைகளோடு ஒரு தாய் உட்கார்ந்திருந்தாள். லாங்கே அவளை நெருங்கி நெருங்கிச் சில படங்கள் எடுத்தார். மொத்தம் பத்து நிமிஷம். வயது முப்பத்திரண்டு என்று அவள் சொன்னாள். லாங்கே அவள் பெயரைக் கேட்கவில்லை.

கடைசியில் எடுத்த படந்தான் உலகப் புகழ் பெற்றது. அந்தத் தாயின் இரு தோளிலும் இரண்டு குழந்தைகள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நிற்கின்றன. அழுக்குத் துணியில் சுற்றிய சிசு ஒன்று மடியில் உறங்குகிறது. தாயின் வலக்கை விரல்கள் மோவாயைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன, நெற்றியில் சுருக்கம். அவள் நம்மைப் பார்க்கவில்லை. எங்கோ தூரத்தில் நாளைய தினத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். குழந்தைகளின் முகம் தெரியாததால் நம் பார்வை வேறெங்கும் போக வழியின்றி அந்த ஒரு முகத்திலேயே போய் நிற்கிறது. ராத்திரி அரிசிப் பானையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, விடிந்தால் என்ன செய்வது என்று அடுப்படியில் ஒரு கணம் நின்ற எவளுக்கும் அந்த முகம் புதிதல்ல.

ஸான்பிரான்ஸிஸ்கோ பத்திரிகை ஒன்று அந்த மார்ச்சு மாதத்திலேயே இந்தப் படங்களை வெளியிட்டது. சில நாட்களுக்குள் அந்த முகாமுக்கு இருபதாயிரம் ராத்தல் உணவுப் பொருள் வந்து சேர்ந்தது.

எண்ணுக்கு உருகாத நெஞ்சு

முகாமில் இத்தனை ஆயிரம் பேர் பட்டினி என்ற செய்தியை மட்டும் போட்டிருந்தால் இவ்வளவு நடந்திருக்குமா? சந்தேகந்தான். 2007-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியைக் கேளுங்கள். அமெரிக்காவில் மூன்று நிபுணர்கள் செய்தது.

சிலரிடம் ஆளுக்கு ஐந்து டாலர் கொடுத்து, ஆப்பிரிக்கப் பஞ்சத்துக்கு இஷ்டமானதை நன்கொடையாகத் தரலாம் என்றார்கள். ஒரு சாராருக்கு, மாலி தேசத்துச் சிறுமி ஒருத்தியின் படத்தைக் காட்டி, அவளுடைய கஷ்டத்தைச் சொன்னார்கள். இன்னொரு சாராருக்கு, எத்தனை லட்சம் பேர் பட்டினி என்ற புள்ளி விவரம் மட்டும். சிறுமியின் முகத்தைப் பார்த்தவர்கள் சராசரியாக 2.38 டாலர் கொடுத்தார்கள். எண்களைப் படித்தவர்கள் கொடுத்தது 1.14 டாலர்தான். மூன்றாவது சாராருக்குச் சிறுமியின் படத்தையும் காட்டிப் புள்ளி விவரத்தையும் கொடுத்தார்கள். இரண்டும் சேர்ந்தால் கை இன்னும் தாராளமாகும் என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை! 1.43 டாலர்!

கணக்குப் போடத் தொடங்கினால் கருணை சுருங்கிவிடுகிறது போலும். லட்சம் பேர் என்றால் புத்தி மலைக்கிறது. 'நாம் ஒருவர் கொடுத்து என்ன ஆகிவிடும்?' என்று கை பின்வாங்குகிறது. ஒரு முகம் என்றால் நம் வீட்டுப் பெண்ணாக, நம் தங்கையாக, ஏன், நாமாகவேகூட அதைப் பாவித்துக்கொள்ள முடிகிறது.

நம் தேசத்திலும் இதற்கு ஒரு சாட்சி உண்டு. 1943-ல் வங்காளத்தில் பஞ்சம். யுத்த காலம், 'பஞ்சம்' என்ற வார்த்தையை உச்சரிக்கவே அதிகாரிகள் தயங்கினார்கள். கல்கத்தா நடைபாதைகளிலே ஜனங்கள் செத்து விழுந்துகொண்டிருந்தார்கள். அவ்வருஷம் ஆகஸ்டு 22-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, வெள்ளைக்காரர்கள் நடத்திய 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில், அதன் ஆசிரியர் அயன் ஸ்டீவன்ஸ், அந்தத் தெருக் காட்சிகளைப் புகைப்படங்களாக வெளியிட்டார். எழுத்தில் வந்த செய்தியை 'மிகைப்படுத்தல்' என்று ஒதுக்கிவிடலாம். எலும்பும் தோலுமாய்க் கிடக்கும் உடலின் படத்தை எப்படி ஒதுக்குவது? மூடி மறைத்த விஷயம் உலகத்துக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பஞ்சத்தில் மாண்டவர்கள் சுமார் முப்பது லட்சம் என்பது பிற்பாடு போட்ட கணக்கு.

படத்துக்கு மறுபக்கம்

இதுவரை படித்துவிட்டு, 'அப்படியானால் காமிராவுக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாமே!' என்று தோன்றுகிறதா? சற்றுப் பொறுங்கள்.

நம் பாட்டிமார்கள் 'தாது வருஷப் பஞ்சம்' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடியது அது. அப்போது வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி, பட்டினியால் மெலிந்தவர்களைப் படம் பிடித்தார். படங்களைப் பார்த்தால் ஒன்று உறுத்தும். பெரியவர்களையும் குழந்தைகளையும் வரிசையாக உட்கார வைத்து, சாய்த்து வைத்து, குடும்பப் படம் எடுப்பதுபோல் எடுத்திருக்கிறார். 'இவர்களை நிறுத்திப் படம் பிடித்தாரே, அவர்களுக்கு ஒரு வாய் கஞ்சி கொடுத்தாரா?' என்ற கண்டனம் எழுந்தது. அந்தக் கேள்வி இன்றைக்கும் ஓயவில்லை. அந்தப் படங்களில் இருக்கும் எவருடைய பெயரும் நமக்குத் தெரியாது.

நம் அமெரிக்கத் தாயின் கதைக்கும் இப்படி ஒரு மறுபக்கம் உண்டு. இருபதாயிரம் ராத்தல் உணவு வந்ததே, அதில் ஒரு பிடிகூட அவளுக்குக் கிடைக்கவில்லை! ரிப்பேரான கார் சரியானதும் குடும்பம் வேறு ஊருக்குக் கிளம்பிப் போய்விட்டிருந்தது. சாப்பாட்டுக்காகக் காரின் டயர்களை விற்றுவிட்டாள் என்று லாங்கே பின்னால் எழுதினார். அது நடக்கவே இல்லை என்று குடும்பத்தார் மறுத்தார்கள். படத்தின் ஓரத்தில், கூடாரக் கம்பைப் பிடித்திருந்த கட்டைவிரல் ஒன்று அழகைக் கெடுப்பதாக எண்ணி, லாங்கே அதைப் பிற்பாடு அழித்தும்விட்டார்!

அவள் யார் என்பது உலகத்துக்குத் தெரிய நாற்பது வருஷங்களுக்கு மேல் ஆயிற்று. 1978-ல் ஒரு பத்திரிகை நிருபர் அவளைத் தேடிக் கண்டுபிடித்தார். பெயர் ப்ளாரென்ஸ் ஓவன்ஸ் தாம்ப்ஸன். அமெரிக்கப் பூர்வ குடிகளான செரோக்கி இனத்தவர். முதல் கணவர் 1931-லேயே காலமானவர். வயலில் கூலி வேலை செய்தே பிள்ளைகளை ஆளாக்கியவர். 'அந்தப் படத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம்; என் பெயரைக் கூடக் கேட்கவில்லை; அதனால் எனக்கு ஒரு காசு பிரயோசனமில்லை' என்ற தாத்பரியத்தில் அவர் பேசினார். நியாயந்தானே? நம்முடைய மிகக் கஷ்டமான நாளில், தலைகூட வாராமல் உட்கார்ந்திருந்தபோது எவரோ எடுத்த படம், காலமெல்லாம் ஊரார் வீட்டுச் சுவரில் தொங்கினால் நமக்கு எப்படி இருக்கும்? (லாங்கேயும் இதனால் பணம் சேர்த்தவர் அல்ல. படம் சர்க்காரின் சொத்து.)

கதை அதோடு முடியவில்லை. 1983-ல் அந்த அம்மாள் பக்கவாதம் வந்து படுத்தார். வைத்தியச் செலவுக்கு வழியில்லாமல் பிள்ளைகள் பத்திரிகை மூலம் உதவி கேட்டார்கள். கடிதங்கள் வந்து குவிந்தன. பலர் கவருக்குள் சிறு தொகைகளை வைத்து அனுப்பியிருந்தார்கள். சேர்ந்தது சுமார் 35,000 டாலர். அந்தப் படத்தைப் பார்த்துத் தாங்களும் ஒரு காலத்தில் தைரியம் பெற்றதாக எழுதியிருந்தார்கள் பலர். அதுவரை அந்தப் படத்தை ஒரு சாபமாக நினைத்திருந்த பிள்ளைகள், அதன் பிறகே அதைப் பெருமையாக எண்ணத் தொடங்கினார்களாம். அதே வருஷம் செப்டம்பரில் அவர் காலமானார். நாற்பத்தேழு வருஷம் கழித்தாவது, படத்தைப் பார்த்தவர்களின் இரக்கம் படத்தில் இருந்தவரின் வீட்டு விலாசத்தைத் தேடிப் போய்ச் சேர்ந்தது.

நம் பங்கு

இன்றைக்குப் படத்துக்குப் பஞ்சமில்லை. காலையில் பால் பொங்குவதற்குள் கைப்பேசியில் முப்பது படங்கள் வந்துவிடுகின்றன. 'ஐயோ பாவம்' என்கிறோம், விரலால் தள்ளுகிறோம், அடுத்ததில் நகை விளம்பரம். இரக்கம் பொங்கி அடங்கும் பாலாகிவிட்டது.

2015 செப்டம்பரில் துருக்கிக் கடற்கரையில் ஒதுங்கிய சிரியா தேசத்துப் பாலகனின் படம் உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது ஸ்வீடன் தேசத்துச் செஞ்சிலுவைச் சங்கத்துக்குத் தினமும் வந்த நன்கொடைகளின் எண்ணிக்கை நூறு மடங்குக்கு மேல் உயர்ந்ததாம். சில வாரங்களிலேயே அந்த வேகம் தணிந்துவிட்டது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 'மாதா மாதம் கொடுக்கிறோம்' என்று அந்த மாதம் பெயர் பதிவு செய்தவர்கள் பத்து மடங்கு பெருகினார்கள். அவர்களில் அநேகமாக எல்லோரும் அடுத்த ஜனவரியிலும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மனம் இளகிய அந்தச் சில நாட்களுக்குள்ளேயே அதை ஒரு வழக்கமாக ஆக்கிக்கொண்டவர்கள் அவர்கள்.

இவ்வளவையும் அத்தைக்குச் சொல்லி முடித்தேன்.

"ப்ளாரன்ஸு" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள் அத்தை. "முதலிலே பேரைக் கேட்டிருக்க வேண்டாமோ? பேர் தெரிந்திருந்தால் அந்தச் சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாமே!"

பிறகு உள்ளே போனாள். அஞ்சறைப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. கடுகுக்கு அடியில் பணம் வைக்கும் வழக்கம் அவளுக்கு இன்னும் போகவில்லை.

"ஏண்டி, தெருக்கோடியிலே குழந்தைகள் இல்லம் இருக்கே, அங்கே மாசம் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு எவ்வளவு ஆகுமாம்? நாளைக்குப் போய்க் கேட்டுக்கொண்டு வா. அப்படியே அந்தக் குழந்தைகளின் பேரையும் கேட்டுக்கொண்டு வா."

ஊஞ்சல் பலகையில் அவள் வைத்துவிட்டுப் போன காபி ஆறி, ஆடை படிந்திருந்தது.