உறுப்புக்களை இணைத்து ஒலிக்கருவி அமைத்தல்

நல்லிசையைச் செவியாரக் கேட்க விரும்புவோர் பலர். அதற்கேற்ற கருவியை விலைகொடுத்து வாங்க வல்லவர் சிலர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இவ்விடைவெளியைக் குறைத்த பெருமை, உறுப்புக்களைப் பொதியாக வாங்கி வீட்டிலேயே இணைத்துக்கொள்ளும் முறைக்கு உரியது.

ஒரு கருவியின் விலையில் உறுப்புக்களின் விலை ஒரு பகுதியே. அவற்றைக் கம்பியால் இணைத்துப் பற்றாசிடுவோரின் கூலி மற்றொரு பகுதி. வால்வுகள் வழங்கிய காலத்தில் அவ்வேலை பெரும்பாலும் கையினாலேயே நடைபெற்றது. வாங்குவோன் அக்கூலியைத் தன் உழைப்பால் ஈடுசெய்தால் விலை குறையும். இவ்வெளிய கணக்கே இம்முறையின் அடிப்படை.

அமெரிக்காவில் எட்வேட் ஹீத் என்பவர் தொடங்கிய ஹீத் கம்பனி, முதலிற் சிறுவிமானங்களை உறுப்புப் பொதிகளாக விற்றது. பின்னர் அதனை வாங்கிய ஹவாட் அன்ரனி, போரில் மிஞ்சிய மின்னணு உறுப்புக்களை மலிவாகப் பெற்று, 1947இல் அலைவுகாட்டி ஒன்றைப் பொதியாக வெளியிட்டார். அதனைத் தொடர்ந்து ஒலிக்கருவிகளும் வந்தன. ஹீத்கிற் பொதிகளின் உயிர்நாடி அவற்றின் விளக்கநூலே. இன்ன கம்பியை இன்ன முனையில் இணைக்க என ஒவ்வொரு படியையும் அது கூறும். படி முடிந்ததும் அருகிலுள்ள சிறு கட்டத்தில் அடையாளமிட வேண்டும். மஞ்சள், ஊதா, சிவப்பு வளையங்களுடைய தடையி 4700 ஓம் என்பதைப் புதியவரும் இவ்வாறே கற்றனர்.

அதே 1947ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ சஞ்சிகையில் வில்லியம்சன் என்னும் பொறியியலாளர் ஒரு விரியலாக்கியின் அமைப்பை வெளியிட்டார். மெல்லிய மின்சைகையை ஒலிபெருக்கியை இயக்குமளவுக்கு வலுப்படுத்துவதே விரியலாக்கியின் தொழில். வில்லியம்சனின் கருவி 15 உவாற்று வலுவைத் தந்தபோதும் திரிபு நூற்றில் 0.1 பங்குக்கு உட்பட்டே இருந்தது. வெளிவரும் சைகையின் ஒரு பகுதியை எதிர்முகமாக முன்னைய படிக்குத் திருப்பி, பிழையைத் தானே திருத்தச் செய்யும் மறைப் பின்னூட்டலே இதற்குக் காரணம். ஆயின், வெளியீட்டு நிலைமாற்றி தரமற்றதாயின் பின்னூட்டல் கருவியை நிலைகுலைத்து அலையச் செய்யும். எனவே, சிக்கனம் பேணுவோரும் அவ்வுறுப்பிற் கைசுருக்கலாகாது.

1959இல் பிலடெல்பியா நகரத்து டைனக்கோ நிறுவனம் ‘ஸ்ரீரியோ 70’ என்னும் பொதியை வெளியிட்டது. வழிக்கு 35 உவாற்றாக இரு வழிகளைக் கொண்ட இக்கருவியின் சிற்றுறுப்புக்கள் அச்சிட்ட சுற்றுப்பலகையில் முன்னரே பொருத்தப்பட்டிருந்தன. ஆதலால் பழக்கமில்லாதவரும் சில மணி நேரத்தில் இதனை முடிக்க இயன்றது. எனினும், இத்தகைய வால்வுக் கருவிகளில் 400 உவோற்றளவு அழுத்தம் உண்டு. மின்னை நிறுத்திய பின்னும் ஒடுக்கிகளில் ஏற்றம் தங்கிநிற்கும். அதனைத் தக்க தடையியூடாக இறக்கி, மானியால் அளந்து உறுதிப்படுத்தாமல் உள்ளே கைவைத்தல் உயிருக்கே ஆபத்தாகும்.

கருவியின் இறுதி உறுப்பு ஒலிபெருக்கி. அதன் கூம்பு முன்னே காற்றை நெருக்கும்போது பின்னே ஐதாக்குகின்றது. பெட்டியின்றி வைத்தால், தாழ்ந்த மீடிறன்களில் பின்னலை முன்னே வளைந்து வந்து முன்னலையை அழிக்கும். மிருதங்கத்தின் தொப்பி ஒலி மெலிந்துவிடும். கனத்த பலகையாற் காற்றுப் புகாத பெட்டி செய்து ஒலிபெருக்கியைப் பொருத்தினால் இக்குறை நீங்கும். 1954இல் எட்கர் வில்ச்சர் தம் சிறு பெட்டியில் அடைபட்ட காற்றையே கூம்புக்கு வில்லாக அமைத்து, அதிலிருந்தும் ஆழ்ந்த ஒலியைப் பெற்றுக் காட்டினார்.

காலம் மாறியது. திரான்சிற்றரும் ஒருங்கிணைந்த சுற்றும் வந்தன. இயந்திரங்களே உறுப்புக்களைப் பலகையிற் பொருத்தலாயின. கூலி குறையவே பொதியின் விலைநயமும் மறைந்தது. ஹீத் கம்பனி 1992இல் பொதி விற்பனையை நிறுத்தியது. இன்று ஆயத்தமாகப் பொருத்திய சிறு விரியலாக்கிப் பலகையே மிக மலிவாகக் கிடைக்கின்றது. ஆகவே, குறைந்த செலவில் நல்லொலி விரும்புவோர் அப்பலகையை வாங்கி, மிச்சப்பட்ட பணத்தை நல்ல ஒலிபெருக்கியிலும் தம் உழைப்பை அதன் பெட்டியிலும் இடுதலே தகும். தச்சுவேலையின் கூலி இன்னும் குறையவில்லை அன்றோ!

பணத்தின் மிச்சம் காலத்தோடு மாறும். அறிவின் மிச்சம் மாறாது. தன் கையால் இணைத்தவன் ஒவ்வோர் உறுப்பின் தொழிலையும் அறிவான்; கருவி ஊமையானால் எங்கே தேடவேண்டும் என்பதையும் அறிவான். மூடிய பெட்டியை வாங்கியவனுக்கு அது என்றும் மூடிய பெட்டியே.