கரை உடைந்த ஆண்டு

பூனாகலை மலையில் ஊறும் சிற்றாறு தேயிலைச் சரிவுகளினூடே இறங்கிக் கொஸ்லந்தைப் பக்கத்தில் தியலும நீர்வீழ்ச்சியாக 220 மீற்றர் கீழே பாய்கின்றது. பின்னர் குடா ஓயாவிற் கலந்து, கிரிந்தி ஓயாவோடு கூடித் தென்கடலை அடைகின்றது. மலையில் மழையாயிருப்பது சமநிலத்திற் குளமாகி, வயலில் நெல்லாகின்றது. ஈழத்து வரலாறு பெரும்பாலும் நீரின் வரலாறே என்று மாணவர்க்கு உணர்த்த எனக்கு வேறு சான்று வேண்டியதில்லை; வகுப்பறைச் சாளரத்தைத் திறந்துவிட்டாற் போதும்.

சென்ற தவணையில் அநுராதபுர காலத்தை நடத்திக்கொண்டிருந்தேன். கி. பி. ஐந்தாம் நூற்றாண்டில் ஆறு தமிழ் அரசர் படையெடுத்து வந்து ஆண்டனர் என்றும், தாதுசேனன் அவர்களை வென்று நாட்டையும் சமயத்தையும் மீட்டான் என்றும் பாடம் இரண்டு வாக்கியத்தில் முடிந்தது. பின்வரிசையிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, அந்த ஆறு பேரும் நம்ம ஆட்களா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது; அவன் சிரிக்கவில்லை. அவனுக்கு அன்று நான் சொன்ன விடை குறைவானது. நம் முன்னோர் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் கொண்டுவரப்பட்டவர், அவ்வரசரோடு வந்தவரல்லர் என்று மட்டும் கூறி அமைந்துவிட்டேன். கூறியது பிழையன்று. ஆயினும் பையன் கேட்டது குலமுறையை அன்று. பாடத்திற் பழிக்கப்படுவோர் பக்கத்திலே தன்னை நிறுத்திக்கொள்ள வேண்டுமோ என்பதே அவன் ஐயம். அதற்குரிய விடையைத் தேடியபோதுதான் கி. பி. 455 என்னும் ஆண்டு என்னைப் பற்றிக்கொண்டது.

தாதுசேனன் முடிசூடிய ஆண்டாக இலங்கைப் பல்கலைக்கழக வரலாற்று நூலோர் கொள்வது அவ்வாண்டு. சில ஆண்டுகள் பிந்தக் கணிப்பாரும் உளர். அவ்வழக்கிற்குள் இங்கே புகவேண்டுவதில்லை. மித்தசேனனைக் கொன்று அரசு கொண்ட பாண்டு ஐந்தாண்டு ஆண்டான் என்று சூளவம்சம் கூறும். அவன் மகன் பரிந்தன் மூன்றாம் ஆண்டில் மறைந்தான். அவன் தம்பி குட்டபரிந்தன் பதினாறு ஆண்டு ஆண்டான். பெயரின் முன்னுள்ள சொல் பாளியிற் சிறியவன் என்னும் பொருட்டு. இளம்பரிந்தன் என்று நாம் சொல்லலாம். அடுத்து வந்த திரிதரன் இரண்டாம் மாதத்திலும், தாட்டியன் மூன்றாண்டின் பின்னும், பிட்டியன் ஏழாம் மாதத்திலும் தாதுசேனனோடு நிகழ்ந்த போர்களில் மாண்டனர். ஏறத்தாழ இருபத்தேழு ஆண்டு இவ்வாறு கழிந்தது.

அதே ஆண்டு உலகின் பிற திசைகளிலும் அமைதியாகக் கழியவில்லை. மார்ச்சு 16ஆம் நாள் உரோமப் பேரரசன் மூன்றாம் வலந்தீனியன் வெட்டுண்டான். அவன் இடத்தைப் பற்றிய பெத்திரோனியு மாக்சிமு மே இறுதியிற் சொந்த நகரத்தார் கையாலேயே மாண்டான். யூன் தொடக்கத்தில் வண்டாலர் மன்னன் கெய்செரிக் உரோமாபுரியுட் புகுந்து பதினான்கு நாட் கொள்ளையிட்டான். கொள்ளைப்பொருளோடு அரசியையும் அவள் புதல்வியர் இருவரையும் கப்பலேற்றிச் சென்றான். அந்நகரத்து நாணயங்கள், சிறு செம்புக் காசுகளாக, ஈழத்து மண்ணில் ஏராளமாகக் கிடைத்துள்ளன; ஆகவே அது நமக்கு முற்றும் அந்நியமான ஊர் அன்று. தமிழகத்திலோ காஞ்சியிற் சிம்மவர்மன் என்னும் பல்லவன் ஆண்டுகொண்டிருந்தான். அவனுடைய இருபத்திரண்டாம் ஆட்சியாண்டும் சக ஆண்டு 380உம் ஒன்றென்று லோகவிபாகம் என்னும் சமண நூல் குறிப்பதால், இருண்ட காலம் என்று நாம் ஒதுக்கும் அந்நூற்றாண்டிற் கைக்கொள்ளத்தக்க ஒரு காலக்குறிப்பேனும் உண்டு.

என்னை நெடுநேரம் நிறுத்தியது உரோமுமன்று, காஞ்சியுமன்று. கூர்ச்சர நாட்டுக் கிர்நார் மலையடிவாரத்துப் பாறை ஒன்று. அங்கே சுதர்சனம் என்றோர் ஏரி இருந்தது. மோரியச் சந்திரகுப்தன் காலத்தில் அவன் அதிகாரி புஷ்யகுப்தன் கட்டியது. அசோகன் காலத்தில் அதற்குக் கால்வாய்கள் அமைந்தன. பின்னர் புயலால் உடைந்த அதனைக் கி. பி. 150 அளவில் உருத்திரதாமன் திருத்தினான். உடைப்பின் பெருமை கண்டு அமைச்சர் தயங்கினர் என்றும், மக்களை வரியாலும் வெட்டியாலும் வருத்தாது தன் பண்டாரப் பொருளாலேயே கரையைக் கட்டுவித்தான் என்றும் அவன் பொறித்த கல்வெட்டுக் கூறும். அங்கு வரும் 'விஷ்டி' என்னும் வடசொல்லே நம் கல்வெட்டுகளில் 'வெட்டி' என நிற்பது. கூலியில்லா வேலைக்கு அச்சொல் இன்றும் நம் வாயிலிருந்து நீங்கவில்லை.

அவ்வேரி மீண்டும் உடைந்தது. அதே பாறையில் ஸ்கந்தகுப்தன் காலத்துக் கல்வெட்டு நாளையும் பொழுதையும் குறித்து வைத்தது: குப்த ஆண்டு 136, பிரௌஷ்டபத மாதம், ஆறாம் நாள், இரவு. 136 என்பது கி. பி. 455-456. மாதப் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பவர்க்கு நம் புரட்டாதி அதனுள் ஒலிப்பது கேட்கும். மழை ஓயாது பெய்தது, கரை போயிற்று. இனி என் செய்வோம் என்று மக்கள் முன்னிரவும் பின்னிரவும் விழித்தெழுந்து கலங்கினர் என்று அக்கல்வெட்டுப் புலவன் எழுதியுள்ளான்.

இவ்விடத்தை வாசிக்குந்தோறும் நான் நின்றுவிடுகின்றேன். 2014 அக்டோபர் 29ஆம் நாட் காலையில் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2023 மார்ச்சிற் பூனாகலைக் கபரகலையிலும் மண் சரிந்து வீடுகளைக் கொண்டுபோயிற்று. மழை வலுக்கும் இரவில் எழுந்திருந்து மேட்டுப்பக்கம் காது கொடுப்பது இப்பகுதியாரின் வழக்கம். ஆயிரத்தைந்நூறு ஆண்டுகட்கு முன் ஓர் அரசவைப் புலவன், குடிமக்கள் உறங்கவில்லை என்பதைக் கல்லிற் பொறிக்கத்தக்க செய்தியாகக் கருதினானே! அதுவே எனக்கு வியப்பு.

சௌராட்டிர நாட்டை அப்போது காத்தவன் பர்ணதத்தன். நகரக் காவலனாயிருந்த அவன் மகன் சக்கரபாலிதன் மறு ஆண்டே வேலையைத் தொடங்கி, நூறு முழ நீளமும் அறுபத்தெட்டு முழ அகலமும் கொண்ட கரையை இரண்டு மாதத்திற் கட்டி முடித்தான். ஆள்வோர்க்குப் புகழ்மொழி கூட்டியெழுதுவது கல்வெட்டுப் புலவர் தொழில் என்பதை நான் மறக்கவில்லை. ஆயினும் முழக்கணக்கை நம்பலாம் என்றே நினைக்கிறேன்.

அநுராதபுரத்துக்கு மீள்வோம். தாதுசேனனும் கரை கட்டியவனே. கலாவாவி அவனுடையது. அதிலிருந்து அநுராதபுரத்துக்குச் செல்லும் ஜய கங்கை என்னும் ஐம்பத்துநான்கு மைல் வாய்க்கால், முதற் பதினேழு மைலில் மைலுக்கு ஆறங்குலமே தாழ்வதாக அளந்தோர் கூறுவர். இத்தகையவனைத் தாழ்த்திப் பேச எனக்கு மனம் வாராது. ஆனால் இன்னொன்றும் உண்டு. அவனே தீபவம்சத்துக்கு விளக்கம் செய்ய ஆயிரம் பொன் கொடுத்தவன். மகாவம்ச ஆசிரியராகக் கருதப்படும் மகாநாமர் என்னும் பெயரே அவனை வளர்த்த மாமனாகிய துறவிக்கும் உரியது. இருவரும் ஒருவரே என்று கொள்வாரும் உளர். எழுதுகோல் எப்பக்கம் இருந்தது என்பது இதனால் விளங்கும். தோற்றோர்க்கு ஏடு கிடைக்கவில்லை.

கல் கிடைத்தது. அநுராதபுரத்திற் குட்டபரிந்தனுடைய கல்வெட்டு உளது. அது அவனைப் 'புத்ததாசன்' என்று சிறப்பித்து, விகாரைக்கு அவன் ஈந்ததைக் கூறுகின்றது. பரிந்தன் காலத்ததும் ஒன்று உண்டு. கதிர்காமத்துக் கல்வெட்டொன்றைத் தாட்டியனுடையது என்று அறிஞர் கொள்வர்; அதுவும் விகாரைக்கு வழங்கிய கொடையே. சமயத்தை அழித்தோர் என்று ஏடு பேசும் அரசர், அச்சமயத்துக்கே கொடை அளித்ததாகக் கல் பேசுகின்றது. அரசியல் நயம் கருதி ஈந்தனர் என்று ஒருவர் வாதிக்கலாம். அங்ஙனமாயின் எவ்வரசன் கொடைக்கும் அதையே சொல்லலாம்.

ஒன்றை மறைக்கலாகாது. படை கொண்டு வந்து மித்தசேனனைக் கொன்றே பாண்டு அரசு கொண்டான். அவனைத் தியாகியாக்க நான் முயலவில்லை. பதினாறு ஆண்டு ஆண்டு விகாரைக்குக் கொடையும் அளித்த ஒருவனை 'படையெடுப்பாளன்' என்ற ஒற்றைச் சொல்லால் முடித்துவிடுதல் வரலாறாகாது என்பதே என் குறை.

இத்தவணை அப்பாடத்தை மீண்டும் எடுத்தேன். தாதுசேனனுக்கும் கலாவாவிக்கும் ஒரு முழுப் பாடவேளை கொடுத்தேன். அவன் மகன் காசியப்பன் புதையல் எங்கே என்று கேட்டபோது, தந்தை வாவியின் நீரைக் கையால் அள்ளிக் காட்டி, இதுவே என் செல்வம் என்றதைச் சொல்லுகையில் வகுப்பு மூச்சடங்கியிருந்தது. அடுத்த வேளையில் ஆறு பெயர்களையும் கரும்பலகையில் எழுதி, மூன்றாம் பெயரின் எதிரே 'புத்ததாசன்' என்று குறித்தேன். பின்வரிசைப் பையன் ஏட்டில் அதனைப் படியெடுத்துவிட்டு, "ஐயா, இது பரீட்சைக்கு வருமா?" என்று கேட்டான்.

வராது என்றேன். அவன் அதை அழிக்கவில்லை.