பாப்-அப் தொல்லையா? 2 நிமிஷத்துல நிறுத்துங்க, சம்பளப் பணத்தையும் காப்பாத்துங்க

லாங் வீக்கெண்ட் வருது. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு போய், கூட்டம் இல்லாம நாகலூர் பக்கம் தங்கலாம்னு போன்ல ரூம் தேடுறீங்க. ஏதோ ஒரு சைட்டைத் திறந்ததும் "நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா?"ன்னு ஒரு பெட்டி. அவசரத்துல 'அலோ' தட்டிட்டீங்க. ட்ரிப் முடிஞ்சு சேலம் இறங்கின பிறகும் "உங்க போன்ல வைரஸ்", "5 நிமிஷத்துல லோன்"னு வந்துக்கிட்டே இருக்கும்.

இதுல பணம் எங்க வருது?

அதைத் தொட்டா போலி கேஒய்சி பக்கமோ, போலி லோன் ஆப்போ திறக்கலாம். 2017 ஜூலையில ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதி என்ன சொல்லுது? பாஸ்வேர்டு மாதிரி ரகசிய விவரத்தை நாமே கொடுத்துப் பணம் போனா, பேங்குக்குத் தகவல் சொல்ற வரைக்குமான நஷ்டம் முழுக்க நம்மோடது. சொன்ன பிறகு போற பணத்துக்குத்தான் பேங்க் பொறுப்பு.

ரெண்டும் வேற வேற

பாப்-அப்னா, சைட் தானா திறக்கிற புது விண்டோ. 1990-கள்ல ட்ரைபாட் கம்பெனியில இதுக்குக் கோடு எழுதின ஈதன் சக்கர்மேன், 2014-ல மன்னிப்பே கேட்டுட்டார்! இப்போ குரோம் இதை பெரும்பாலும் தானாவே தடுத்துடும். நோட்டிஃபிகேஷன் அப்படியில்ல. நாம அனுமதி கொடுத்தாதான் வரும். நாமதான் எடுக்கணும்.

ஆண்ட்ராய்டு குரோம்ல செய்ய வேண்டியது

1. மேல மூணு புள்ளி → செட்டிங்ஸ் → சைட் செட்டிங்ஸ்.
2. 'பாப்-அப்ஸ் அண்ட் ரீடைரக்ட்ஸ்' ஆஃப்ல இருக்கான்னு பாருங்க.
3. 'நோட்டிஃபிகேஷன்ஸ்' உள்ள போய், அனுமதி லிஸ்ட்ல தெரியாத சைட் எல்லாத்தையும் பிளாக் பண்ணுங்க.

லேப்டாப்ல செட்டிங்ஸ் → 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' உள்ள இதே சைட் செட்டிங்ஸ் இருக்கும்.

பிரவுசரே திறக்காதப்பவும் முழு ஸ்கிரீன் விளம்பரம் வருதா? கடைசியா போட்ட ஆப் மேல சந்தேகப்படுங்க, தூக்கிடுங்க.

கவனிக்க வேண்டிய ரெண்டு

சில நெட் பேங்கிங் சைட்ல ஸ்டேட்மெண்ட் புது விண்டோலதான் திறக்கும். அதுக்காக மொத்தமா ஆன் பண்ணாதீங்க. அந்த ஒரு சைட்டுக்கு மட்டும் அனுமதி கொடுங்க.

ஆட் பிளாக்கர் எக்ஸ்டென்ஷன் போடுறப்போ அது கேட்கிற அனுமதியைப் படிங்க. நீங்க திறக்கிற எல்லாப் பக்கத்தையும் அதால படிக்க முடியும், பேங்க் பக்கம் உட்பட. பேர் தெரியாததைப் போடாதீங்க.

ஏற்கெனவே பணம் போயிடுச்சா?

யோசிச்சுக்கிட்டு இருக்காதீங்க. உடனே பேங்குக்குச் சொல்லி கார்டு, யுபிஐ-யை பிளாக் பண்ணுங்க. 1930-க்கு கால் பண்ணுங்க, தேசிய சைபர் கிரைம் போர்ட்டல்லயும் புகார் பதிவு பண்ணுங்க. சீக்கிரம் சொன்னா, பணம் அடுத்த அக்கவுண்டுக்குத் தாவுறதுக்குள்ள முடக்க வாய்ப்பு அதிகம்.

இன்னைக்கே அந்த அனுமதி லிஸ்ட்டைத் திறந்து எத்தனை சைட் இருக்குன்னு எண்ணிப் பாருங்க. அப்படியே அப்பா, அம்மா போனையும் வாங்கிப் பார்த்துடுங்க. அங்க லிஸ்ட் இன்னும் நீளமா இருக்கும்!