மழைக்கால விலையேற்றத்துக்கு முன்னால், தட்டட்டியில் ஆறு தக்காளிச் செடி

2023 ஜூலை நினைவிருக்கா? தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, அரசே ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டிவந்தது. சென்னையில் தொடங்கியது, ஆகஸ்ட் 1 முதல் மாநிலம் முழுக்க 500 கடைகளுக்கு விரிந்தது. அதற்கு முன்னால் 2021 நவம்பர் மழையிலும் இதே விலையேற்றம்தான். பாவூர்சத்திரம் சந்தையில் சில மாசம் கேட்பாரில்லாமல் கிடக்கிற அதே பழம், வேறு சில மாசத்தில் ரசத்துக்கு ஒன்றே ஒன்று போடலாமா என்று யோசிக்க வைக்குது.

மணிமுத்தாறு, கல்லிடைக்குறிச்சி, அம்பை பக்கம் இருக்கிற உங்களுக்கு இதில் ஒரு வழி இருக்கு. வருஷம் முழுக்க வீட்டுத் தக்காளி என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. சித்திரை, வைகாசி வெயிலில் பூ பூக்கும், காய் நிற்காது. பகல் 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் சூடு குறையாமல் இருந்தால் மகரந்தம் வீணாகி பூ உதிர்ந்துவிடும். உரம் போட்டாலும் இது சரியாகாது. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் கையில் பழம் இருக்கும்படி செய்ய முடியும். அந்த நேரத்தில் வயலில் தண்ணீர் தேங்கி வேர் அழுகும், பறிக்க ஆள் இறங்க முடியாது, விலை ஏறும். பையில் வைத்த செடிக்கு அந்தத் தொல்லை இல்லை. அடியில் ஓட்டை இருந்தால் எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் வடிந்துவிடும். அடைமழை என்றால் தூக்கி சன்ஷேடுக்குக் கீழே வைத்துவிடலாம்.

இதற்கு விதைப்பு ஆடியில். ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொன்னது தொட்டிச் செடிக்கும் பொருந்துது. ஆடிக் காற்று இந்தப் பக்கம் சும்மா விடாது என்பது உங்களுக்கே தெரியும், அதனால் நாற்றை முதல் 25 நாள் வீட்டுத் திண்ணையிலோ ஜன்னல் ஓரத்திலோ வளர்த்து, ஆவணியில் பைக்கு மாற்றுங்க. புரட்டாசியில் பூக்கும், ஐப்பசி நடுவில் இருந்து பறிக்கலாம். புரட்டாசி வெயில் கொஞ்சம் காட்டமா இருக்கும். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் நிழல் விழுகிற இடமாகப் பார்த்து வைப்பது நல்லது.

எந்த ரகம்?

இதில்தான் பலர் கோட்டை விடுறாங்க. தக்காளியில் இரண்டு குணம் உண்டு. ஒன்று, கொடி மாதிரி ஆள் உயரத்துக்கு மேல் போய்க்கொண்டே இருக்கும். இன்னொன்று, குறிப்பிட்ட உயரத்தில் நின்று, கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் காய்த்து முடிக்கும். பைக்கும் சின்ன மேட்டுப்பாத்திக்கும் இரண்டாவதுதான் சரி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 3, அதாவது மருதம், இதற்கென்றே செய்தது போல இருக்கும்: அடக்கமான செடி, நெருக்கி நடலாம், 100 முதல் 105 நாளில் முடிந்துவிடும். பிகேஎம் 1 இன்னொன்று. தேனிப் பக்கத்து அன்னஞ்சி நாட்டுத் தக்காளியில் இருந்து பெரியகுளத்தில் உருவாக்கியது. காம்புப் பக்கம் பச்சைத் தோள் இருக்கும், புளிப்பு நல்லா இருக்கும். வயது கூடுதல், 135 நாள் வரை போகும். இரண்டுமே ஒட்டு வீரியம் இல்லை, ஆகவே நல்ல பழத்தில் விதை எடுத்து அடுத்த வருஷம் போடலாம். இலைச்சுருள் நோய் அதிகம் வருகிற தெருவாக இருந்தால் பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் பார்க்கலாம். அது வீரிய ஒட்டு, விதையை ஒவ்வொரு முறையும் வாங்கணும்.

ஆன்லைனில் 'மைக்ரோ டாம்' என்று ஒன்று கண்ணில் படும். 1989-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உருவாக்கிய குட்டிச் செடி, ஒரு சாண் உயரம், பழம் திராட்சை அளவு. ஜன்னலில் வைத்துப் பார்க்க அழகு. குழம்புக்கு ஆகாது.

இன்னொரு விஷயம். யூடியூபில் பக்கக் கிளையைக் கிள்ளச் சொல்லும் வீடியோக்கள் நிறைய. அது கொடியாகப் போகும் ரகத்துக்கு. கோ 3, பிகேஎம் 1 மாதிரிக் குட்டை ரகத்தில் கிள்ளினால், காய்க்க வேண்டிய கிளையைத்தான் எடுக்குறீங்க. மண்ணைத் தொடும் கீழ் இலைகளை மட்டும் நீக்குங்க, போதும்.

பை, கலவை, பாரம்

ஒரு பைக்கு ஒரு செடி. 15 முதல் 20 லிட்டர் கொள்ளளவு வேண்டும். காலி பெயிண்ட் வாளியும் ஆகும், அடியில் ஐந்தாறு ஓட்டை போட்டால். செம்மண், தென்னை நார்க்கழிவு, மட்கிய தொழுவுரம் மூன்றும் சம அளவு. நார்க்கட்டியை ஊற வைத்து இரண்டு தடவை தண்ணீர் மாற்றிப் பிழிந்துவிடுங்க. அதில் உப்பும் துவர்ப்பும் இருந்தால் நாற்று வாடும்.

நனைந்த பை ஒன்று 15, 20 கிலோ வரும். ஆறு பை என்றால் நூறு கிலோவுக்கு மேல். தட்டட்டி நடுவில் கூட்டி வைக்காமல், கீழே சுவர் வருகிற ஓரமாக வரிசையாக வையுங்க. செங்கல் இரண்டு கொடுத்துத் தூக்கி வைத்தால் தளத்தில் ஈரம் தங்காது.

பொறவாசலில் இடம் இருக்கிறவங்களுக்கு மேட்டுப்பாத்தி இன்னும் சுலபம். நாலடி அகலம், எட்டு பத்து அங்குல உயரம், ஓரத்துக்குச் செங்கலோ தென்னை மட்டையோ. செடிக்குச் செடி 45 சென்டிமீட்டர், வரிசைக்கு வரிசை 60. உயரத்தைக் குறைக்காதீங்க. 2023 டிசம்பர் 17, 18 மழையைத் தாமிரபரணிக் கரையில் யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த அளவு வெள்ளத்துக்கு எந்தப் பாத்தியும் நிற்காது, ஆனால் சாதாரண ஐப்பசி மழைக்கு அந்த எட்டு அங்குலம்தான் வேரைக் காப்பாற்றும்.

தண்ணீர் விடுவதில் ஒழுங்கு முக்கியம். இரண்டு நாள் காயவிட்டு மூணாம் நாள் குடம் குடமாக ஊற்றினால் காயின் அடி கறுத்து அழுகும். முட்டை ஓட்டுத் தூள் போடச் சொல்வார்கள். பெரும்பாலும் மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருக்கும், ஈரம் ஏறி இறங்குவதால் அது காய் வரைக்கும் போகாமல் நின்றுவிடுது. விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்க, காய்ந்திருந்தால் ஊற்றுங்க.

இலைச்சுருளைப் பரப்புவது வெள்ளை ஈ. வந்த பிறகு மருந்து கிடையாது, அந்தச் செடியைப் பிடுங்கிவிட வேண்டியதுதான். நாற்றுப் பருவத்தில் தடுக்கணும். கொசுவலைக் கண்ணுக்குள் வெள்ளை ஈ நுழைந்துவிடும். 40 மெஷ் வலை கேட்டு வாங்குங்க, இல்லாவிட்டால் பழைய வேட்டித் துணியால் மூடுங்க. பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, வாரம் ஒருமுறை சாயங்காலம் தெளியுங்க.

அப்புறம் குரங்கு. மலையடிவாரத்தில் குடியிருந்துகொண்டு இதைப் பேசாமல் இருக்க முடியாது. சிவந்த பழத்தைச் செடியிலேயே விட்டால் அது நமக்கு இல்லை. காய் வெளிறி, அடியில் லேசாகச் சிவப்பு கண்டதும் பறித்துவிடுங்க. தக்காளி பறித்த பிறகும் பழுக்கும். நாலைந்து நாள் சமையலறைக் கூடையில் இருந்தால் போதும், ஃபிரிட்ஜ் வேண்டாம். மழையில் பழம் வெடிப்பதும் இதனால் குறையும்.

எவ்வளவு கிடைக்கும்?

கோ 3 ஹெக்டேருக்கு 40 டன் தரும் என்கிறது பல்கலைக்கழகம். நாம் சொன்ன இடைவெளியில் ஒரு ஹெக்டேரில் சுமார் 37,000 செடி நிற்கும். வகுத்துப் பார்த்தால் செடிக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அப்போ ஆறு செடிக்கு ஆறு கிலோ, வாரம் ஒரு கிலோ வீதம் ஆறு வாரம். சின்னக் குடும்பத்துக்கு அந்த ஆறு வாரம் சந்தைப் பக்கம் போக வேண்டாம். இன்னும் வேண்டுமானால் ஐப்பசிக் கடைசியில் இரண்டாம் தொகுதி விதையுங்க. மார்கழி, தைக் குளிரில் காய் நன்றாகப் பிடிக்கும். ஆனால் மாசியில் பறிக்கும்போது கடையிலும் மலிவாக இருக்கலாம், அது தொக்குக்கு.

போனில் செய்ய வேண்டியது

உழவன் செயலியில் அன்றாடச் சந்தை விலையும் வானிலையும் பார்க்கலாம். அதிலோ தோட்டக்கலைத் துறையின் இணையதளத்திலோ மாடித்தோட்டத் தளைக்குப் பதிவு செய்யலாம். 2021-22 திட்டத்தில் 900 ரூபாய்த் தளை மானியம் போக 225 ரூபாய்: ஆறு பை, இரண்டு கிலோ நார்க்கட்டி ஆறு, ஆறு வகை விதை, உயிர் உரம், இயற்கைப் பூச்சி மருந்து, கையேடு. ஊரகப் பகுதிக்கு 12 வகை விதைப் பொட்டலம் 15 ரூபாய். மானியமும் உள்ளடக்கமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். பணம் கட்டும் முன் திரையில் இருக்கும் தொகையைப் பாருங்க. மணிமுத்தாறு பேரூராட்சிக்கு எந்தத் தளை என்பதை அம்பாசமுத்திரம் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்க. ஆதார் எண்ணும் கைபேசி எண்ணும் கையில் இருக்கட்டும். ஆனி மாசமே கேட்டுவிடுங்க, ஆடியில் விதை கையில் இருக்கணும்.

இலையில் ஏதாவது புள்ளியோ சுருட்டலோ கண்டால் போட்டோ எடுத்து அதே அலுவலகத்தில் காட்டலாம். போனிலேயே கேட்பதானால் கிசான் அழைப்பு மையம் 1800-180-1551, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.